வீட்டில் கறுப்பு-வெள்ளை இருட்டறை: அமைக்கும் வரிசையும் ஒவ்வொரு படியின் காரணமும்

35 மி.மீ. கறுப்பு-வெள்ளை நெகடிவ்களிலிருந்து 8×10 அங்குலம் வரை வீட்டிலேயே பிரிண்ட் போடுவதற்கு ஓர் இருட்டறையை எப்படி அமைப்பது என்பதே இக்கட்டுரை. வெயிலும் புழுக்கமும் மிகுந்த சென்னையில், தனி அறை ஒதுக்க வசதியில்லாத ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கலர் பிரிண்டுக்கு இதில் சொல்லியிருக்கும் சேஃப்லைட்டோ (பேப்பரைப் பாதிக்காத மங்கலான நிற விளக்கு) ரசாயனங்களோ பொருந்தா.

1. வாங்குவதற்கு முன் வரிசையைத் தீர்மானியுங்கள்

புதிதாக இறங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் என்லார்ஜரை, அதாவது நெகடிவின் படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழச்செய்யும் கருவியை, வாங்குகிறார்கள். அதோடு பேப்பரையும், அதில் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் திரவத்தையும் வாங்கி வைத்துவிட்டு, அதன்பிறகு அறையைத் தேடுகிறார்கள். அறை தயாராவதற்குள் டெவலப்பர் பழுப்பேறிவிடுகிறது, என்லார்ஜரின் தலை மேலலமாரியில் இடிக்கிறது.

சரியான வரிசை இது: இடம், இருட்டு, காற்று, மின்சாரம், மேசை, என்லார்ஜர், சேஃப்லைட், அதன்பிறகே ரசாயனமும் பேப்பரும். ஒவ்வொரு படியையும் சோதித்துப் பார்த்த பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் பிரிண்ட் சாம்பல் பூத்தது போல வந்தால், ஒளிக்கசிவா, சேஃப்லைட்டா, பழைய பேப்பரா என்று மூன்றையும் ஒரே நேரத்தில் சந்தேகிக்க வேண்டிய நிலை அப்போதுதான் வராது.

2. இடம்

பலரும் குளியலறையைத்தான் முதலில் நினைக்கிறார்கள். தண்ணீர் இருக்கிறது, ஜன்னல் சிறியது என்பவை அதன் நன்மைகள். ஆனால் ஈரத்தரையில் மின்கருவி வைப்பது ஆபத்து. வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த அறை தேவை. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் விரித்து மடக்க வேண்டியிருக்கும்.

இருட்டறைக்குள் ஓடும் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்பது தவறான எண்ணம். படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் திரவத்திலிருந்து எடுத்த பிரிண்டை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்து, வேலை முடிந்ததும் வாளியோடு குளியலறைக்குக் கொண்டுபோய் அலசிக்கொள்ளலாம். ஆகவே, குளியலறைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டோர் ரூமோ, ஆறடிக்கு ஐந்தடி அளவுள்ள ஏதேனும் ஒரு மூலையோ கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நடந்து திரிய இடம் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து திரும்பினால் ஒரு பக்கம் என்லார்ஜர், மறுபக்கம் ட்ரே என்று இருந்தால் போதும்.

பிலிம் கழுவுவதற்கு இந்த அறையே தேவையில்லை. பிலிமை டேங்கின் ரீலில் ஏற்றும் சில நிமிடங்களுக்கு மட்டுமே முழு இருட்டு வேண்டும். அதற்குக் கைகளை நுழைத்து வேலை செய்யும் சேஞ்சிங் பேக் என்ற கறுப்புப் பை போதும். டேங்கை மூடிய பிறகு மீதி வேலையைச் சமையலறை வெளிச்சத்திலேயே செய்யலாம். இதனால் அறையின் இருட்டுக்கு வைக்கும் நிபந்தனையும் தளர்கிறது: எல்லா நிறத்தையும் உணரும் பிலிமுக்கு ஏற்ற அறையை அல்ல, நீலத்தையும் பச்சையையும் மட்டும் உணரும் பேப்பருக்கு ஏற்ற அறையைத்தான் நாம் அமைக்கிறோம்.

3. இருட்டு

ஜன்னலுக்கும் வென்டிலேட்டருக்கும் சட்டத்துக்குள் இறுக்கமாக உட்காரும் அளவில் பிளைவுட் வெட்டி, ஓரங்களில் கறுப்பு ஃபோம் பட்டை ஒட்டிப் பொருத்துங்கள். செய்தித்தாளும் மெல்லிய கறுப்புத் துணியும் ஒளியைக் குறைக்குமே ஒழிய நிறுத்தா. சந்தேகம் இருக்கும் இடத்தில் சமையலறை அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினால் அது முழுமையாக மறைக்கும்.

கதவில் எல்லோரும் அடிப்பக்க இடைவெளியை மட்டுமே கவனிக்கிறார்கள். கீல் இருக்கும் பக்கத்தின் நீண்ட பிளவும், சாவித் துவாரமும், கதவுச் சட்டமும் சுவரும் சேரும் இடமும் அதைவிட அதிகமாகக் கசியும். கதவுக்கு உட்புறம், சட்டத்தைவிட அரையடி அகலமான கனத்த கறுப்புத் திரையைத் தரையில் படியும்படி தொங்கவிடுவது இவை அனைத்துக்கும் ஒரே தீர்வு.

பிறகு சோதனை. பகலில், வெளியே வெயில் நன்றாக இருக்கும்போது அறைக்குள் போய், எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாகும். இரண்டு நிமிடத்தில் "கும்மிருட்டு" என்று முடிவு செய்து வெளியே வருபவர்கள்தான் பின்னர் பேப்பரை வீணாக்குகிறார்கள். பத்தாவது நிமிடத்துக்குப் பிறகுதான் ஊசிமுனை அளவுக் கசிவுகள் ஒவ்வொன்றாகத் தென்படும். ஒவ்வொன்றின் மேலும் கையோடு ஒரு டேப் துண்டை ஒட்டி அடையாளம் வைத்து, பின்னர் வெளிச்சத்தில் நிரந்தரமாக அடையுங்கள். கடைசியாக, மேசைமேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வையுங்கள். 15 நிமிடத்துக்குப் பிறகும் அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அறை தயார்.

அறைக்குள்ளேயே இருக்கும் ஒளிகளை மறந்துவிடக் கூடாது. சுவிட்ச் போர்டின் இண்டிகேட்டர், ஸ்டெபிலைசரின் எண்கள், ஏ.சி.யின் டிஸ்பிளே, கைக்கடிகாரம், கைப்பேசி எல்லாம் இதில் சேரும். டியூப் லைட்டும் சி.எஃப்.எல். பல்பும் அணைத்த பிறகும் சிறிது நேரம் மங்கலாக ஒளிரும். ஆகவே இந்த அறையின் வெள்ளை விளக்காக அவற்றைப் பொருத்தாதீர்கள்.

சுவர் முழுவதற்கும் கறுப்பு அடிக்கத் தேவையில்லை. என்லார்ஜரிலிருந்து சிதறும் ஒளி பேப்பரில் திரும்ப விழாமலிருக்க அதன் பின்சுவரும் பக்கச்சுவரும் மட்டும் பளபளப்பற்ற கறுப்பாக இருக்கட்டும். மற்ற சுவர்கள் வெளிர்நிறத்தில் இருந்தால் சேஃப்லைட்டின் ஒளி அறையெங்கும் பரவி, கண்ணுக்கு இதமாக இருக்கும்.

4. காற்று

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசலான ஸ்டாப் பாத்தும் ஃபிக்ஸரும் கலக்கும் இடத்தில் மூக்கை உறுத்தும் கந்தக டை ஆக்சைடு சிறிதளவு எழும். ஒளியை அடைத்த அறையில் காற்றும் அடைபட்டிருக்கும். ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இதை இரண்டு மடங்கு கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபேன் இருக்க வேண்டிய இடம் ட்ரேக்களுக்குப் பின்புறம். புகை உங்கள் முகத்தைக் கடந்து போகாமல், முகத்திலிருந்து விலகிப் போக வேண்டும் என்பதே காரணம். காற்று உள்ளே வரும் வழி எதிர்ப்பக்கத்தில், கதவின் அடியில், கறுப்பு அடித்த இரண்டு பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த வளைவுப் பாதையாக இருக்கட்டும். காற்று வளைந்து வரும், ஒளி வளைந்து வராது. அதில் ஒரு மெல்லிய ஃபோம் வடிகட்டி இருந்தால் நெகடிவில் தூசி படிவது குறையும்.

ஸ்பிளிட் ஏ.சி. இதற்கு மாற்று ஆகாது. அது அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளியேற்றுவதில்லை. சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள்: தூசியைக் கிளப்புவதோடு, நீண்ட எக்ஸ்போஷரின்போது (பேப்பரில் ஒளி விழும் நேரம்) என்லார்ஜரின் தூணையும் அதிரச் செய்யும்.

5. மின்சாரம்

இருட்டில், ஈரக்கையோடு மின்கருவிகளைத் தொடும் வேலை இது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த அறையின் இணைப்பைப் பாதுகாக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பிளக் பாயின்ட் எல்லாம் என்லார்ஜர் பக்கத்தில், மேசைக்கு மேலே இருக்கட்டும்; ட்ரே பக்கத்தில் ஒன்றுகூட வேண்டாம்.

நம் ஊரில் அடிக்கடி வரும் இன்னொரு சிக்கல் வோல்டேஜ் ஏற்ற இறக்கம். இழைப் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்; நிறமும் மஞ்சளாகச் சாய்வதால், ஒளியின் நிறத்தைப் பொறுத்து நடந்துகொள்ளும் மல்டிகிரேட் பேப்பரில் கான்ட்ராஸ்ட்டும் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) மாறும். மாலை ஆறு மணிக்குச் சரியாக வந்த எக்ஸ்போஷர், தெருவில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடும் ஒன்பது மணிக்கு வெளுத்துப் போவது இதனால்தான். படிப்படியாகத் தாவும் ரிலே வகை ஸ்டெபிலைசர் எக்ஸ்போஷரின் நடுவே தாவினால் இன்னும் மோசம். சர்வோ வகை ஸ்டெபிலைசரே என்லார்ஜருக்கு ஏற்றது. அது கைக்கு எட்டாவிட்டால், மின்சுமை குறைந்த பின்னிரவில் வேலை செய்யுங்கள்.

6. உலர்பக்கம், ஈரப்பக்கம்

அறை எவ்வளவு சிறியதானாலும் உலர்பக்கத்தையும் ஈரப்பக்கத்தையும் பிரிப்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. என்லார்ஜர், நெகடிவ், பேப்பர், டைமர் ஒரு பக்கம், திரவங்கள் மறுபக்கம். ஒரு சொட்டு ஃபிக்ஸர் பேப்பர் உறைக்குள் போனால் அது தொட்ட இடத்திலெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். இரண்டும் ஒரே மேசையில்தான் என்றால் நடுவில் ஒன்றரை அடி உயரத்துக்குத் தடுப்புப் பலகை வையுங்கள்.

8×10 அங்குல பேப்பருக்கான ட்ரேக்கள் மூன்றும் வரிசையாக வைக்க நான்கடி நீளம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் படிக்கட்டு போன்ற ஸ்டாண்டில் மேலிருந்து கீழாக டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் என அடுக்கலாம். டெவலப்பர்தான் மேலே இருக்க வேண்டும்: மேலிருந்து சொட்டும் டெவலப்பர் ஸ்டாப் பாத்தைப் பெரிதாகக் கெடுக்காது, ஃபிக்ஸர் டெவலப்பரில் சொட்டினால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஒவ்வொரு ட்ரேக்கும் தனி இடுக்கி, தனி நிறத்தில்.

7. என்லார்ஜர்

துர்ஸ்ட், மியோப்டா, பெசலர் போன்ற நிறுவனங்களின் பழைய என்லார்ஜர்கள் மூடிய ஸ்டூடியோக்களிலிருந்து இன்னும் கிடைக்கின்றன. பெயரைவிட நிலைமை முக்கியம். வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்: தூணை உச்சிவரை ஏற்றித் தலையை மெல்லத் தட்டினால் ஆட்டம் உடனே அடங்க வேண்டும், பெல்லோஸுக்குள் (லென்ஸுக்கு மேலுள்ள மடிப்புத் துருத்தி) டார்ச் அடித்தால் ஊசித்துளை தெரியக் கூடாது, ஃபோகஸ் தானாக வழுக்கக் கூடாது, உங்கள் நெகடிவ் அளவுக்கான கேரியர் (நெகடிவைப் பிடித்து வைக்கும் சட்டம்) கூடவே இருக்க வேண்டும். கேரியர் இல்லாத என்லார்ஜரை மலிவு என்று வாங்காதீர்கள், அதைத் தனியாகத் தேடிப்பிடிப்பது மிகக் கடினம்.

35 மி.மீ. நெகடிவுக்கு 50 மி.மீ. லென்ஸ், 6×6 செ.மீ. நெகடிவுக்கு 75 அல்லது 80 மி.மீ. பெரிய நெகடிவுக்குச் சிறிய லென்ஸைப் போட்டால் மூலைகளுக்கு ஒளி எட்டாது. எல்-நிக்கோர், ஷ்னைடர் காம்போனான், ரோடன்ஷ்டாக் ரோடகான் வகைகளில் 50 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் 39 மி.மீ. திருகுடன் வருவதால் பல என்லார்ஜர்களுக்குப் பொருந்தும். நம் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். வெளிச்சத்தை நோக்கிச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி இழை போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் வாங்க வேண்டாம். வாங்கிய லென்ஸைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

பல்பு, என்லார்ஜருக்கென்றே செய்யப்பட்ட, பால்வெள்ளைக் கண்ணாடி கொண்ட ஓபல் வகையாக இருக்க வேண்டும். வீட்டுப் பல்பைப் போட்டால் கண்ணாடியில் அச்சடித்த எழுத்தே படத்தின் நடுவில் நிழலாக விழக்கூடும்.

உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 24 மி.மீ. அகலத்தை 8 அங்குலமாக்க உருப்பெருக்கம் சுமார் 8.5 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ் பேப்பரிலிருந்து ஏறக்குறைய 48 செ.மீ. உயரத்தில் நிற்கும். அதற்கு மேல் தலையும் விளக்கு வீடும் வரும் என்பதையும் சேர்த்து அலமாரிக்கு அடியில் இடம் போதுமா என்று அளந்து பாருங்கள்.

பொருத்திய பின், நெகடிவ் மேடை, லென்ஸ் பலகை, அடிப்பலகை மூன்றும் இணையாக இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மூன்றும் இணையாக இல்லையென்றால் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். பழி லென்ஸின் மேல் விழும்.

8. சேஃப்லைட்டும் நாணயச் சோதனையும்

கோடக் ஓ.சி. அல்லது இல்ஃபோர்டு 902 வடிகட்டியும் 15 வாட் பல்பும் கொண்ட விளக்கு, பேப்பரிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் தொலைவில் இருந்தால் மல்டிகிரேட் பேப்பருக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. சிறிய அறையில் அந்தத் தொலைவு கிடைக்காவிட்டால் விளக்கைக் கூரை நோக்கித் திருப்பிவிடுங்கள்.

கடைகளில் கிடைக்கும் சிவப்பு எல்.இ.டி. பல்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் சில, வெள்ளை எல்.இ.டி.க்கு மேல் சிவப்புப் பூச்சு கொடுத்தவை, நீலம் கசியும். ஒரு பழைய சி.டி.யின் பின்புறத்தில் அந்த விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். சிவப்புப் பட்டை மட்டும் தெரிந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். பச்சையோ நீலமோ இலேசாகத் தெரிந்தாலும் அந்தப் பல்பு வேண்டாம்.

உண்மையான சோதனையைப் பேப்பரில்தான் செய்ய வேண்டும். வெள்ளைப் பேப்பரைச் சேஃப்லைட்டின் கீழ் வைத்து, வெள்ளையாகவே இருக்கிறது என்று திருப்தியடைவது போதாது. பேப்பரில் விழும் ஒளி ஒரு வரம்பைத் தாண்டினால்தான் அது கறுக்கத் தொடங்கும். படம் விழுந்த பேப்பர் அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டியிருப்பதால், இலேசான கசிவுகூட அதில் பதியும். ஆகவே சேஃப்லைட்டையும் அணைத்துவிட்டு, என்லார்ஜரில் நெகடிவ் இல்லாமல், வெளிர்சாம்பல் வருமளவுக்கு மிகக் குறைந்த எக்ஸ்போஷர் கொடுங்கள். அந்தப் பேப்பரை டெவலப்பர் ட்ரே இருக்கும் இடத்தில் வைத்து, அதன்மேல் நாணயங்களைப் பரப்பிச் சேஃப்லைட்டைப் போடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு நாணயமாக எடுத்துக்கொண்டே வந்து, கடைசி நாணயத்தை மட்டும் பத்து நிமிடமும் அசையாமல் விடுங்கள். பிறகு சேஃப்லைட்டை அணைத்து, இருட்டிலேயே டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்யுங்கள்.

பேப்பர் ஒரே சாம்பலாக இருந்தால் விளக்கு பாதுகாப்பானது. வெளிறிய வட்டங்கள் தெரிந்தால், எந்த நாணயம் முதல் வட்டம் தெரிகிறதோ, அந்த நாணயம் பேப்பரை மூடியிருந்த நேரம்தான் உங்கள் கால எல்லை. சுற்றிலும் சாம்பலாக இருக்க, நாணயத்தின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிவதையும் "பரவாயில்லை" என்று விடாதீர்கள்; வெள்ளைச் சட்டையின் மடிப்பும் மேகத்தின் ஓரமும் மங்கிப்போவது அந்தக் கோட்டின் அளவில்தான். இச்சோதனைக்கு டெவலப்பரும் ஃபிக்ஸரும் வேண்டும் என்பதால், அடுத்த படியில் சொல்வதை முதலில் சிறிதளவு கலந்துகொள்ளுங்கள்.

9. ரசாயனங்கள்

ஆயத்தத் திரவம் கிடைத்தால் தொடக்கத்துக்கு அதுவே எளிது. இல்ஃபோர்டு மல்டிகிரேட் டெவலப்பர் 1+9, ஸ்டாப் பாத் 1+19, ரேப்பிட் ஃபிக்ஸர் 1+4 என்ற விகிதங்களில் கலக்க வேண்டும். 1+9 என்றால் 100 மி.லி. திரவத்தோடு 900 மி.லி. தண்ணீர்.

கிடைக்காத ஊரில், ஆய்வகப் பொருள் விற்கும் கடையிலிருந்து வாங்கி டி-72 என்ற பழைய பிரிண்ட் டெவலப்பரை நீங்களே கலக்கலாம். சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் 500 மி.லி. தண்ணீர், அதில் வரிசையாக மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுவினோன் 12 கிராம், மோனோஹைட்ரேட் வகை சோடியம் கார்பனேட் 80 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். கடைசியில் ஒரு லிட்டராக்கி, ஆறவிட்டு, பயன்படுத்தும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது: சல்பைட் நிறைந்த நீரில் மெட்டால் சரியாகக் கரையாது. ஒவ்வொன்றும் முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. கார்பனேட் நீரற்ற வகையானால் 67.5 கிராம் போதும். சமையல் சோடாவான பைகார்பனேட்டை இதற்குப் பதிலாகப் போட்டால் டெவலப்பர் வேலை செய்யாது. சல்பைட்டையும் சல்பேட்டையும் பெயர் ஒற்றுமையால் மாற்றி வாங்கி வருபவர்கள் உண்டு, சீட்டைப் படித்து வாங்குங்கள்.

ஸ்டாப் பாத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 முதல் 20 கிராம் சிட்ரிக் அமிலம் போதும், வாடையும் இல்லை. அடர் அசிட்டிக் அமிலத்தைப் பயன்படுத்துவதானால் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை ஒருபோதும் அமிலத்தில் ஊற்றாதீர்கள்.

போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை டெவலப்பரில் வெண்மையான வண்டலாகப் படியும். கலப்பதற்கு ஆர்.ஓ. தண்ணீரும் அலசுவதற்குக் குழாய்த் தண்ணீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டால் சிலருக்குத் தோல் அழற்சியை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் திரும்பத் திரும்ப வரும். நைட்ரைல் கையுறை அணியுங்கள், தூளை எடைபோடும்போது முகக்கவசமும் அணியுங்கள். குளிர்பான பாட்டிலில் எந்தத் திரவத்தையும் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

10. வெப்பநிலை

குறிப்புகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. மே மாதத்தில் நம் மேல்தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடான டெவலப்பரில் படம் சில நொடிகளில் கறுத்துவிடும், எக்ஸ்போஷர் சரியா தவறா என்பதைக் கணிக்க முடியாது.

டெவலப்பர் ட்ரேயைப் பெரிய ட்ரே ஒன்றில் வைத்து, வெளி ட்ரேயின் தண்ணீரில் உறையவைத்த பாட்டில்களைப் போடுங்கள். பனிக்கட்டியை நேரடியாக டெவலப்பரில் போட்டால் விகிதம் மாறிவிடும். ஒரே நாளில் வெப்பநிலை மாறாமல் வைத்திருப்பதே முக்கியம். 20-க்குப் பதில் 23-இலேயே நிலையாக வைத்திருப்பது, 20-க்கும் 26-க்கும் இடையே அலைவதைவிட மேல்.

11. பேப்பரும் முதல் பிரிண்டும்

தொடங்குபவர்களுக்கு ஆர்.சி. வகை மல்டிகிரேட் பேப்பரே ஏற்றது. பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் அலசினால் போதும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேஸ் பேப்பருக்கு வாஷ் எய்ட் (அலசலை விரைவாக்கும் கரைசல்) இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அது நியாயமில்லை.

முதலில் சாதாரணமான, நல்ல நிழலும் வெளிச்சமும் உள்ள ஒரு நெகடிவை எடுத்துக்கொள்ளுங்கள். தூசியை ஊதி நீக்கி, கேரியரில் மங்கலான பக்கம் கீழாக வையுங்கள். லென்ஸை முழுத் துவாரத்தில் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு எஃப்/8-க்குக் குறையுங்கள். மல்டிகிரேட் பேப்பரின் கான்ட்ராஸ்ட்டை மாற்றும் வடிகட்டிகளில் 2 எண் வடிகட்டியோடு, பேப்பர் துண்டொன்றில் 4, 8, 16, 32 நொடி என்று இரட்டித்துச் செல்லும் பட்டைகளைக் கொடுங்கள். சமமான ஐந்தைந்து நொடிகளாகக் கூட்டினால் கடைசிப் பட்டைகளுக்குள் வித்தியாசமே தெரியாது.

ஆர்.சி. பேப்பரை 20 டிகிரியில் டெவலப்பரில் ஒரு நிமிடம், ஸ்டாப் பாத்தில் 10 நொடி, ஃபிக்ஸரில் 30 நொடி, ட்ரேயை இடைவிடாமல் அசைத்தபடி வைக்க வேண்டும். இங்குதான் மிகப் பொதுவான பிழை நேர்கிறது: படம் கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்துப் பயந்து 25-ஆவது நொடியிலேயே வெளியே இழுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்த பிரிண்டில் கறுப்பு சேறுபோல இருக்கும், திட்டுத்திட்டாகவும் இருக்கும். கறுத்தால் கறுக்கட்டும், முழு நேரமும் விட்டு, அடுத்த துண்டில் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். சேஃப்லைட்டில் எல்லாப் பிரிண்டும் உள்ளதைவிடக் கறுப்பாகத்தான் தெரியும் என்பதால், வெள்ளை விளக்கில் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வெள்ளை விளக்கைப் போடுமுன் பேப்பர் உறை மூடியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

எக்ஸ்போஷரை வெளிச்சப் பகுதியைப் பார்த்துத் தீர்மானியுங்கள், அதன்பிறகு நிழல் வெளிறியிருந்தால் வடிகட்டியின் எண்ணைக் கூட்டுங்கள், அடைத்திருந்தால் குறையுங்கள். இரண்டையும் ஒரே துண்டில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

12. வேலை முடிந்த பின்

டெவலப்பரைத் திரும்ப பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். நீர்த்த டெவலப்பர் ட்ரேயில் ஒரே நாளில் காற்றுப்பட்டு வலுவிழக்கும். நீர்க்கச் செய்யாத மூலத் திரவத்தை மட்டும் பழுப்பு நிற பாட்டிலில், விளிம்புவரை நிரப்பி, கலந்த தேதியை ஒட்டி வையுங்கள்.

ஃபிக்ஸரைத் திரும்பப் பயன்படுத்தலாம். 1+4 விகிதத்தில் ஒரு லிட்டர், ஆர்.சி. வகையில் 8×10 அங்குல பிரிண்டுகள் சுமார் 80-க்குப் போதும். பாட்டிலிலேயே எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். வலுவிழந்த ஃபிக்ஸரில் போட்ட பிரிண்ட் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், சில மாதங்களில் மஞ்சளாகக் கறைபடியும்.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஊற்றாமல் பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே கழிவிலிருந்து வெள்ளி பிரிப்பவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் கொடுக்கலாம். இல்லையென்றால் கேனில் இரும்பு நார் உருண்டையைப் போட்டுச் சில நாள் விட, இரும்பு கரைந்து வெள்ளி கறுப்பு வண்டலாக அடியில் படியும். வண்டலை வடிகட்டி உலர்த்தித் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரேக்களையும் இடுக்கிகளையும் அவற்றுக்குரிய பெயரெழுதி, ஒன்றை மற்றொன்றோடு மாற்றாமல் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை இன்னும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள்.